பத்து முறை சோதித்ததாக எழுதியவள்

போடிநாயக்கனூரில் சாக்குக் கடை நூர் முகம்மதுவின் மூத்த மகள் ஃபாயிசாவுக்கு அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. கம்ப்யூட்டர் படிப்பை முடித்து ஆறு வருடமாக ஈஸ்வரனின் கம்பெனியில் இருக்கிறாள். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக் கடை மாடியில் இரண்டு அறை, மொத்தம் நான்கு பேர். ஈஸ்வரனும் இன்னொருவரும் செய்கிற பொருளை அவள் சோதித்து, சரி என்று சொன்னால்தான் அது மலைத் தோட்டங்களுக்குப் போகும். "ஃபாயிசா பாத்துட்டாளா?" என்று ஈஸ்வரன் கேட்பார். பார்த்துவிட்டாள் என்றால் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். அந்தப் பேரை அவள் மெனக்கெட்டுத்தான் சம்பாதித்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அவர்கள் செய்தது ஏலக்காய் ஸ்டோருக்கான பெட்டி. பறித்த ஏலக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் அறையில் தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவுமாகக் காய வைப்பார்கள். சூடு குறைந்தால் காய் புழுங்கிப் போகும். ஏறினால் பச்சை நிறம் போய்விடும்; நிறம் போன காயை ஏலத்தில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஈஸ்வரனின் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி உண்டு. அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும். அறையின் சூடு ஏறினால் விசிறியை ஓட்டி வெப்பக் காற்றை வெளியே தள்ளும், இறங்கினால் நிறுத்தும். போடிமெட்டைச் சுற்றி பதினொரு ஸ்டோர்களில் அதை மாட்டியிருந்தார்கள்.

பெட்டியில் ஒரு தொல்லை இருந்தது. கரண்டு போய்த் திரும்பி வந்தால் அது முதலிலிருந்து எழ வேண்டும். எழும்போது நெட்வொர்க் இருக்கிறதா என்று பார்க்கும். போடியில் அது கண் சிமிட்டும் நேரம். மலையில் பாதி நாள் சிக்னலே கிடையாது. இல்லாத நெட்வொர்க்குக்காகப் பெட்டி இரண்டு நிமிடம் சும்மா காத்துக் கிடக்கும். அதற்குப் பிறகுதான் விசிறியைக் கவனிக்கும் நிரல் எழுந்திருக்கும்.

இந்தத் தாமதம் ஈஸ்வரன் செய்த தப்பில்லை, லினக்ஸிலேயே இருக்கும் பிழை என்று கண்டுபிடித்தவள் ஃபாயிசாதான். லினக்ஸைப் பராமரிப்பவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள். பிழைகளை எழுதி வைக்க அவர்களுக்கு இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபாயிசா அதில் விவரமாக எழுதினாள். ஒரு மாதம் கழித்து போலந்திலிருந்து தோமாஷ் என்றொருவர் பதில் போட்டார். பிழையைத் திருத்திவிட்டதாகவும், திருத்திய நிரலைச் சோதனைக்கு வைத்திருப்பதாகவும், இந்தத் தாமதத்தைக் கண்ணால் பார்த்தவர் அவள்தான் என்பதால் அவளே சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எப்படிச் சரிபார்ப்பது என்றும் சொல்லியிருந்தார். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, மின்சாரத்தை அடியோடு நிறுத்தி மறுபடி போட்டு, எழ எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். பத்து முறை. எல்லாம் சரியென்றால் 'சரிபார்க்க வேண்டும்' என்ற முத்திரையை எடுத்துவிட்டு 'சரிபார்த்தாயிற்று' என்று போட வேண்டும். அதன் பிறகு திருத்தம் எல்லாருக்கும் போகும்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. கம்பத்திலிருந்து இரண்டு ஏல வியாபாரிகள் பெட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆபீசில் இருந்ததே ஒரு பெட்டிதான்.

"வயரையெல்லாம் புடுங்கிப் போட்றாதம்மா, அவுங்க வர்ற நேரம். செல்போன்ல சூடு தெரியிறதக் காட்டணும்" என்றார் ஈஸ்வரன்.

"ஒரு சோதனை பாக்கி இருக்குண்ணே."

"வெரசா முடிச்சு விடு. அதுக்கென்ன, ஓடுதுல்ல?"

வயரைப் பிடுங்காமலே இரண்டு முறை நிறுத்திப் போட்டாள். முதல் தடவை இருபத்தொரு விநாடி, அடுத்தது பத்தொன்பது. வயரோடு இவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்றால் வயர் இல்லாவிட்டாலும் எழும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி உண்மையிலேயே நம்பினாளா, நம்ப வசதியாக இருந்ததா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். வியாபாரிகள் போனபோது ஐந்து மணி, ஆபீஸ் மூடும் நேரம். திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று மூடி வைத்திருக்கலாம். ஆனால் தோமாஷ் காத்திருந்தார். வெள்ளிக்குள் முடிந்தால் இந்த மாத வெளியீட்டிலேயே போய்விடும், அதில் சோதித்தவர் என்று அவள் பேரும் வரும்.

பக்கத்தைத் திறந்து எழுதினாள். வயரைப் பிடுங்கினேன். மின்சாரத்தை நிறுத்தினேன். பத்து முறை சோதித்தேன். கீழே பத்து எண்கள். முதல் இரண்டும் உண்மை. மீதி எட்டையும் தானே போட்டாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஏழாவது இடத்தில் இருபத்தாறு என்று ஒன்றைக் கூட்டிப் போட்டாள். அதற்குப் பக்கத்தில், 'இது மட்டும் சற்று அதிகம், காரணம் தெரியவில்லை' என்று ஒரு குறிப்பு வேறு. முத்திரையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அன்று உறுத்தல் ஒன்றும் இல்லை. தூக்கம்கூட நன்றாகத்தான் வந்தது.

தோமாஷ் நன்றி எழுதினார். 'சோதனை அறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும். சந்தேகம் வந்த ஓர் எண்ணைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்' என்றார். புதிதாகச் சோதிக்க வருகிறவர்கள் படிக்க வேண்டிய வழிகாட்டியில் அவள் அறிக்கையை மாதிரியாகச் சேர்த்துவிட்டார். நூர் முகம்மது அதைத் தன் செல்போனில் வாங்கி வைத்துக்கொண்டார். சாக்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். ஆங்கிலம் அவருக்கு ஓடாது. மகள் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அந்த இடத்தில் விரலை வைப்பார்.

திருத்தம் வெளிவந்ததும் ஃபாயிசாவே பென் டிரைவோடு மலையேறி, பதினொரு ஸ்டோர்களிலும் அதை ஏற்றிவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம் திருப்பதியிடமிருந்து போன் வந்தது. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் அவருக்கு நான்கு ஏக்கர் ஏலத்தோட்டமும் சொந்த ஸ்டோரும் இருந்தன. ஈஸ்வரன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு சத்தம்.

அவரும் ஃபாயிசாவும் ஜீப்பு பிடித்துப் போனார்கள். மலையில் காற்றும் மழையும். கொண்டை ஊசி வளைவுகளில் மரக்கிளைகள் ஒடிந்து கிடந்தன. ஸ்டோர் வாசலில் இறங்கும்போதே கருகல் வாடை. திருப்பதி ஒரு தட்டை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். பச்சைப் பசேலென்று இருக்க வேண்டிய காய் வைக்கோல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. ஓரத்தில் இருந்ததெல்லாம் பழுப்பு. ஒரு பறிப்பு மொத்தமும் அப்படித்தான்.

வாசலுக்குப் பக்கத்தில் மொக்கம்மாள் நின்றிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. தினமும் விடியலில் போடிக்கு பஸ்சேறி, அங்கிருந்து ஜீப்பில் மலைக்கு வருவாள். அந்த ஸ்டோரின் அடுப்பைப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டா! கெட்டித் தூக்கம்!" என்றார் திருப்பதி. "நான் கீழ எடை போட்டுட்டு இருக்கேன். வாடை அங்க வருது. வந்து பாத்தா அறை கொதிக்குது."

"தூங்கலண்ணே, சாமி சத்தியமாத் தூங்கல" என்றாள் மொக்கம்மாள். "கரண்டு போகும், வரும், போகும், வரும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயிப் பாத்தேன். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு." பிறகு ஃபாயிசாவைப் பார்த்தாள். "பச்சை எரிஞ்சா எல்லாம் சரின்னு இந்தப் பாப்பாதான சொல்லுச்சு."

சொன்னது உண்மைதான். பெட்டியை மாட்டிய அன்று மொக்கம்மாள் கதவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தபோது, இனி அதெல்லாம் வேண்டாமக்கா என்று சொன்னவள் ஃபாயிசா. விசிறி தானாக ஓடும், தானாக நிற்கும். பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள், பெட்டியைத் தொடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

லேப்டாப்பைப் பெட்டியில் செருகினாள். பெட்டி எப்போது எழுந்தது, எங்கே நின்றது என்பதெல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். மதியம் பன்னிரண்டு நாற்பதிலிருந்து இரண்டு இருபதுக்குள் கரண்டு ஒன்பது தடவை வந்து போயிருந்தது. எந்தத் தடவையும் நாலு நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஒன்பது தடவையும் பெட்டி நெட்வொர்க்குக்காகக் காத்துக்கொண்டு நின்றது. இரண்டு நிமிடம் முடிந்ததும், முன்பு இல்லாத இன்னொரு காத்திருப்பு. அது முடிவதற்குள் கரண்டு போய்விடும். அந்த நூறு நிமிடத்தில் விசிறியின் நிரல் ஒரு தடவைகூட எழவில்லை. பச்சை விளக்கு மட்டும் கரண்டு வந்த மறுகணமே எரிந்திருக்கிறது. பழைய பிழையோடு விட்டிருந்தால்கூட ஒவ்வொரு முறையும் விசிறி கொஞ்ச நேரமாவது ஓடியிருக்கும்.

திருத்தம் தாமதத்தை நீக்கவில்லை, நெட்வொர்க் இல்லாத இடத்தில் அதைக் கூட்டியிருந்தது. வயரைப் பிடுங்கி ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும்.

"என்னம்மா, மெசின்ல குத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார் திருப்பதி.

ஈஸ்வரன் ஃபாயிசாவின் முகத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றாள்.

"அவ பாத்துத்தான் அனுப்புனது. மெசின் சரியாத்தான் இருக்கும்" என்றார் ஈஸ்வரன்.

திருப்பதி மொக்கம்மாள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? நாளையில இருந்து வராத. போ." மொக்கம்மாள் அடுப்படிக்குப் போய்த் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். லேப்டாப் ஃபாயிசாவின் மடியில் திறந்தே இருந்தது. ஒன்பது வரிகளும் திரையில் இருந்தன. இறங்குகிற ஜீப்பில் மொக்கம்மாளுக்கும் இடம் இருந்தது. ஏறிக்கோங்கக்கா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

மறுநாள் ஆபீசில் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை நிறுத்திப் போட்டாள். நாலு நிமிடம் ஐம்பது விநாடி. மறுபடியும் போட்டாள். அதேதான்.

ஈஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. பயந்துவிட்டார்.

"பதினோரு ஸ்டோர்லயும் இதேவா?"

"ஆமாண்ணே."

"இப்பவே போயி எல்லாத்தையும் பழசுக்கு மாத்திருவோம். ஆனா திருப்பதிகிட்ட வாயத் தொறக்காத. வெளிய தெரிஞ்சா நாலு பேரு பொழப்பும் போச்சு."

இரண்டு நாளில் பதினொன்றையும் பழையபடி மாற்றினார்கள். திருப்பதியின் ஸ்டோரில் கருத்தம்மா என்ற வேறொரு பெண் அடுப்பில் இருந்தாள். ஃபாயிசா நிமிர்ந்து பார்க்காமல் வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அத்தா என்ன என்று கேட்டபோது அவரிடமும் சொன்னாள். நூர் முகம்மது வெகுநேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ பாத்துட்டுப் பத்துன்னு எழுதிட்டியா?"

"ஆமாத்தா."

"நான் ஊரு பூரா காட்டிட்டேனேம்மா." செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இத இனி யாருகிட்டயும் சொல்லணும்னு இல்லையே? தானா மறந்துருவாங்கள்ல?" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது அந்தக் குரல். தன்னால் அவரும் இப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் பிழைப் பக்கத்தில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. ஒன்று பெரு நாட்டின் மலைக் கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் எழுதியது. புதிய திருத்தத்துக்குப் பிறகு தங்கள் கணினிகள் எழ ஐந்து நிமிடம் ஆவதாகவும், தான்தான் எதையோ தவறாகச் செய்துவிட்டதாக நினைப்பதாகவும், யாராவது உதவ முடியுமா என்றும் கேட்டிருந்தார். அதற்குத் தோமாஷ், 'இது பத்து முறை சோதிக்கப்பட்டது, வயர் இல்லாமலும் சரியாக இருந்தது. உங்கள் அமைப்பை ஒருமுறை பாருங்கள்' என்று பதில் போட்டிருந்தார். இன்னொரு செய்தி ஃபாயிசாவுக்கே வந்தது. கென்யாவில் ஒரு பெண், முதல் முறையாகச் சோதனை செய்கிறவள். 'உங்கள் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என் அறிக்கையை எழுதினேன். நன்றி, அக்கா' என்று எழுதியிருந்தாள். அக்கா என்ற சொல்லை எங்கோ தேடிப் பிடித்து ஆங்கில எழுத்தில் போட்டிருந்தாள்.

ஃபாயிசா பக்கத்தைத் திறந்தாள். ஒரு வரி எழுதுவாள், அழிப்பாள். வேலை நெருக்கடி என்று தொடங்கினாள், அழித்தாள். கருவி குழப்பிவிட்டது என்று எழுதினாள், அதைப் படித்தபோது உடம்பு கூசியது. கடைசியில் இப்படிப் போட்டாள்: 'நான் பத்து முறை சோதிக்கவில்லை. இரண்டு முறைதான் சோதித்தேன். வயரைப் பிடுங்கவில்லை. மூன்றாவதிலிருந்து எல்லா எண்களும் நானே போட்டவை. ஏழாவது எண்ணை உண்மைபோலத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூட்டிப் போட்டேன். பெருவில் இருக்கும் ஆசிரியர் செய்ததில் தவறில்லை. இந்தத் திருத்தத்தை நம்பிய ஓர் இடத்தில் ஒரு பெண்ணின் வேலை போயிருக்கிறது. என் அறிக்கையை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.'

அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். திட்டி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தாள். எவ்வளவு திட்டினாலும் பதில் சொல்லக் கூடாது என்று முடிவும் செய்துவைத்திருந்தாள். தோமாஷிடமிருந்து மூன்று வரிதான் வந்தது. சொன்னதற்கு நன்றி, முத்திரையை எடுத்துவிட்டேன், ஆசிரியரிடம் நானும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கீழே ஒரு கேள்வி: 'உண்மையான எண்களை அனுப்ப முடியுமா?' வேறு ஒரு சொல் இல்லை. வழிகாட்டியில் அவள் பேர் இருந்த இடம் காலியாக இருந்தது. ஓர் அதட்டல் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆபீசில் வயரைப் பிடுங்கியே எடுத்திருக்கலாம், ஆனால் உண்மையான எண்களைக் காய் கருகிய இடத்திலேயே எடுக்க நினைத்தாள். திருப்பதியின் ஸ்டோருக்கே போனாள். தனியாகப் போனாள். ஈஸ்வரனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பதி கேட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"எம்முன்னாடி ஒக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னியே."

ஃபாயிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் சரக்கு போனது போகட்டும்" என்றார் அவர். அப்புறம் குரல் தடித்தது. "அவளை நாயி மாதிரித் தொரத்துனேன். பன்னெண்டு வருசம் இருந்தவ. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டு வாசல்ல போயி நிக்கிறது? நீ போ. நீ போயிச் சொல்லு." பெட்டியைக் காட்டினார். "முதல்ல ஒன் சோலியப் பாரு. இந்தத் தடவயாச்சும் ஒழுங்காப் பாரு."

அடுப்பு அணைந்திருந்த நாள் அது. ஸ்டோர் தரையில் உட்கார்ந்து, அந்தத் திருத்தத்தை மறுபடி ஏற்றிவிட்டுப் பெட்டியை நிறுத்தினாள், போட்டாள். செல்போனில் விநாடியைக் குறித்தாள். பத்து முறை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கருத்தம்மா பால் இல்லாத கட்டன் சாயா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப் போனது. எண்களோடு பெட்டியின் பதிவுகளையும் தோமாஷுக்கு அனுப்ப அப்படியே எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பழையபடி மாற்றினாள். தன் சொல்லை மட்டும் நம்பும்படி இனி யாரையும் கேட்க முடியாது என்று தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போனாள். மொக்கம்மாள் வீட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் குருவம்மாள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபாயிசாவைப் பார்த்ததும் மொக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

ஃபாயிசா நின்றபடியே சொன்னாள். சோதிக்காமல் சோதித்ததாக எழுதியது, பெட்டி எழாமல் நின்றது, பச்சை விளக்குக்கும் விசிறிக்கும் சம்பந்தமே இல்லாதது, அன்றைக்கே தெரிந்தும் வாயைத் திறக்காதது. கடைசியாக, "நீங்க தூங்கலக்கா. ஒம்போது தடவ கரண்டு வந்ததும் போனதும் பெட்டியிலயே பதிவாயிருக்கு. நீங்க சொன்னது அத்தனையும் நெசம்" என்றாள்.

மொக்கம்மாளின் கை நின்றுவிட்டது.

"ஒம்போது தடவையா?"

"ஆமாக்கா."

"நான் ஏழெட்டுன்னுதான் நெனச்சேன்." மொச்சைத் தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் தூங்கிட்ட தூங்கிட்டன்னாக. எம் மகளே, வயசாகுதுல்லம்மா, அசந்துருப்பன்னா. தெனமும் படுத்துக்கிட்டு யோசிப்பேன். பச்சை லைட்டப் பாத்தது நெசமா, கனாவான்னு. நாலஞ்சு நாளாவே, சரி, தூங்கித்தான் இருப்பேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு பாப்பா. எம்மேலயே எனக்கு நம்பிக்க போச்சு."

அதுவரை ஃபாயிசா தான் பறித்தது ஒரு வேலையை என்றுதான் நினைத்திருந்தாள். மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல வந்த வாய் அப்படியே நின்றது. அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

உள்ளே குருவம்மாள் துணியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கிட்ட சொன்னது பத்தாது" என்றாள் மொக்கம்மாள். "போடி ஜீப்பு ஸ்டாண்டுல இருக்கிற பொம்பளைக அத்தன பேருக்கும் நான் தூங்கிக் காயக் கருக்குனவ. எவளும் கூட்டுச் சேக்க மாட்டேங்கிறா. எந்த ஸ்டோர்லயும் அடுப்பத் தர மாட்டேங்கிறாக. அங்க வந்து சொல்லு. நாளைக்குக் காலையில."

"வர்றேன்க்கா."

"வருவியா?"

"வருவேன்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஜீப்பு ஸ்டாண்டு இரைச்சலாக இருந்தது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் ஐம்பது அறுபது பேர் தூக்குச் சட்டிகளோடு நின்றார்கள். டிரைவர்கள் தோட்டத்தின் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். மொக்கம்மாள் ஒரு ஜீப்பின் பக்கத்தில் தனியாக நின்றாள். ஃபாயிசா அவளருகே போனாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது மொத்தமும் மறந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள். யாரும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள், குரல் உடைந்தது. மொக்கம்மாள்தான் கையைத் தட்டி, "ஏய், செத்த நேரம் சும்மா இருங்கடி" என்று அதட்டினாள்.

"திருப்பதி அண்ணே ஸ்டோர்ல காய் கருகுனது இவங்களால இல்ல. என்னால. அந்த மெசினச் சோதிச்சுப் பாக்க வேண்டியது என் வேல. நான் பாக்கல. பாத்தேன்னு பொய் எழுதிக் கொடுத்தேன். மெசின் நின்னு போச்சு. இவங்க முழிச்சுத்தான் இருந்தாங்க. எல்லாந் தெரிஞ்சும் இவங்களப் போகச் சொன்னப்ப நான் வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். "படிச்ச புள்ள பண்ற வேலயப் பாரு" என்றது ஒரு குரல். "சாக்குக் கட பாய் மகதான இது?" என்றது இன்னொன்று. அது அவள் காதில் நெடுநேரம் நின்றது. ஒரு வயதான பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மொக்கம்மாளின் கையைப் பிடித்து, "ஒன்னப் போயிச் சொன்னேனேடி" என்றாள். ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார். கூட்டம் கலைந்து ஏறத் தொடங்கியது.

மொக்கம்மாளும் ஒரு ஜீப்பில் ஏறினாள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஃபாயிசாவுக்கு நன்றி சொல்ல மொக்கம்மாளுக்கு ஒன்றும் இல்லை, திட்டுவதற்கும் நேரம் இல்லை. ஜீப்பு புறப்பட்டுப் போனது. ஃபாயிசா வீட்டுக்குப் போகாமல், கடையைத் திறந்துகொண்டிருந்த அத்தாவிடம் போய், கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பார்கள், நான்தான் ஸ்டாண்டில் சொன்னேன் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தாள். நூர் முகம்மது சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "சரி" என்றார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோமாஷின் இரண்டாவது திருத்தமும் முழுதாகச் சரியாகவில்லை. ஃபாயிசா மலையில் சோதித்த பத்தில் இரண்டு தடவை பழையபடி நின்றது. அதை அப்படியே எழுதினாள். மூன்றாவது திருத்தம் பத்துக்குப் பத்தும் எழுந்தது. பெருவின் ஆசிரியரும் தன் பள்ளியில் தனியாகச் சோதித்துச் சொன்ன பிறகுதான் முத்திரை மாறியது. அப்படி இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். ஈஸ்வரனின் பெட்டிகளில் இப்போது விசிறி நிரல் எழுந்த பிறகுதான் பச்சை விளக்கு எரிகிறது. கையால் விசிறியைப் போட ஒரு சுவிட்சும் உண்டு. மூன்று ஸ்டோர்க்காரர்கள் பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஃபாயிசா பாத்துட்டாளா' என்று ஈஸ்வரன் இப்போது கேட்பதில்லை. எண்களை வாங்கி அவரே ஒரு தடவை பார்க்கிறார். அது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் தாளை வாங்கக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் முகம் சூடாகிவிடுகிறது.

திருப்பதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் மொக்கம்மாள் அங்கே திரும்பப் போகவில்லை. குரங்கணிப் பக்கம் ஒரு ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறாள். அங்கே பெட்டி கிடையாது. கதவில் உள்ளங்கையை வைத்துத்தான் சூடு பார்க்கிறாளாம். ஃபாயிசா அவளை இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். முதல் தடவை மொக்கம்மாள், "அத்தா நல்லாருக்காரா?" என்று கேட்டுவிட்டு பஸ்சேறினாள். அடுத்த தடவை கண்டும் காணாமல் போய்விட்டாள்.